பசங்களுக்கு வர்ற ஜலதோஷம்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தப்ப அக்கா (பெரியம்மா பொண்ணு) சமையக்கட்டுக்குக் கூப்பிட்டு ரகசியமா சொன்னுச்சு. "டேய், இவன் வாயையே திறக்க மாட்டேங்கிறான்டா. எது கேட்டாலும் 'ஒண்ணும் இல்ல'தான். கதவைச் சாத்திட்டு போனும் கையுமா கிடக்கான். நீயாவது பேசிப் பாரேன்."

'இவன்'ங்கிறது அக்கா பையன். பத்தாவது படிக்கிறான். மூணு வருஷத்துக்கு முன்னாடி இவன் வாயை மூட வைக்க நாங்க ஐஸ்க்ரீம் லஞ்சம் கொடுத்துக்கிட்டிருந்தோம். இப்ப மொட்டை மாடியில போய்ப் பக்கத்துல உட்கார்ந்து, "என்னடா, ஸ்கூல் எல்லாம் எப்படிப் போகுது?"ன்னு கேட்டா, "ஒண்ணும் இல்ல மாமா"ங்கிறான். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனா எனக்குச் சிரிப்பு வரலை. அந்தப் பதிலை நானும் வருஷக்கணக்கா சொல்லியிருக்கேன்.

இந்த விஷயத்துல வழக்கமா ஒரு குற்றவாளியைக் கைகாட்டுவோம். 'ஆம்பளைப் புள்ள அழக்கூடாது'ன்னு அப்பாக்கள் அடக்கி வளர்த்ததுதான் எல்லாத்துக்கும் காரணம்னு. பாதி நிஜம்தான், இல்லைங்கல. ஆனா எங்கப்பா ஒரு தடவைகூட என்கிட்ட அப்படிச் சொன்னதில்லை. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது கூடப் படிச்ச பசங்க. மத்த பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்த கோஷ்டியில நானும் ஒருத்தன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2012. ப்ளஸ் ஒன்னுக்கு நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தாங்க. பேரு வேண்டாம், அந்தக் காலத்துல அந்தப் பக்கம் எந்த ஸ்கூலா இருந்தாலும் கதை இதேதான். காலையில அஞ்சு மணிக்கு எழுப்பி ராத்திரி பத்தரை வரைக்கும் படிப்பு. ப்ளஸ் ஒன் புஸ்தகத்தை மூட்டை கட்டி வச்சிட்டு முதல் வருஷமே ப்ளஸ் டூ பாடம். (2018ல ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்ததுக்கு இந்தக் கூத்தும் ஒரு முக்கிய காரணம். ஆனா அது தனிக்கதை.)

ஒரு ஹாலுக்கு நாற்பது கட்டில். விளக்கை அணைச்சு பத்து நிமிஷத்துல அங்கங்க மூக்கு உறிஞ்சுற சத்தம் கேட்கும். போர்வை தலைக்கு மேல இருக்கும். காலையில யாராவது கண்ணு ஏன் சிவந்திருக்குன்னு கேட்டா, "ஜலதோஷம்டா". ஜூன் மாசம் மொத்த ஹாலுக்கும் ஜலதோஷம். நம்புங்க, வார்டன் நிஜமாவே ஒரு அட்டை மாத்திரை வாங்கிட்டு வந்து ஆளுக்கு ஒண்ணு கொடுத்தாரு. நாங்களும் வாங்கி முழுங்கினோம்! :-)

ஞாயித்துக்கிழமை அஞ்சு நிமிஷம் வீட்டுக்குப் போன் பேசலாம். பின்னாடி முப்பது பேர் வரிசை. அம்மா "சாப்டியா?"ம்பாங்க. "ம்." "நல்லாருக்கியா?" "ம்." பின்னாடி நிக்கிறவன் காதுல விழற மாதிரி அதுக்கு மேல என்னத்தைப் பேசுறது?

பக்கத்துக் கட்டில்காரன் ஒருத்தன் இருந்தான். ஒரு ராத்திரி என்னைத் தட்டி எழுப்பி, "வீட்டை நினைச்சா என்னமோ மாதிரி இருக்குடா, தூக்கமே வரலை"ன்னான். எனக்கும் அதேதான், நானும் முழிச்சுக்கிட்டுத்தான் கிடந்தேன். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லலை. மறுநாள் டிபன் வரிசையில, "டேய், இவனுக்கு அம்மா வேணுமாம்டா"ன்னு சத்தமா சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். அன்னிக்கு அவனுக்கு 'பால்வாடி'ன்னு பேரு விழுந்துச்சு. ரெண்டு வருஷமும் அதுதான் அவன் பேரு. ஏன் அப்படிச் செஞ்சேன்னு இப்ப யோசிச்சா ஒண்ணுதான் தோணுது. அவன் மாட்டிக்கிட்டா நான் மாட்ட மாட்டேன்.

நாலஞ்சு மாசம் கழிச்சு அவன் இன்னும் சோகமா ஆனான். இந்தத் தடவை யாரும் கலாய்க்கலை. ஏன்னா காரணம் லவ் ஃபெயிலியர். ஊர்ல ஒரு பொண்ணாம், டியூஷன்ல பழக்கமாம், இப்ப பேசறதில்லையாம். உடனே பயலுக்கு ஹாஸ்டல்ல தனி மரியாதை. அவனவன் தன் முறுக்கு டப்பாவை அவன்கிட்ட நீட்டினான். அதுக்கு முந்தின வருஷம், 2011 நவம்பர்ல, 'கொலவெறி' பாட்டு வந்து ஊரெல்லாம் சூப் பாய்ஸ் பேச்சா இருந்த நேரம் வேற. நம்ம சினிமாவுல பதினாறு வயசுப் பையன் அழணும்னா காதல் ஒண்ணுதானே பாஸ்போர்ட்டு? 'துள்ளுவதோ இளமை' (2002) ஆகட்டும், '96' (2018) ஆகட்டும், பள்ளிக்கூடத்துப் பையன் மனசுன்னா அதுல ஒரு பொண்ணு இருந்தே ஆகணும்.

2023ல ஒரு ஃப்ரெண்டு கல்யாணத்துல அவனைப் பார்த்தேன். பந்தியில பக்கத்து இலை. சும்மா, "அந்த டியூஷன் பொண்ணு என்னடா ஆச்சு?"ன்னு கேட்டேன். சிரிச்சான். "பொண்ணெல்லாம் யாரும் இல்லடா. அப்பாவும் அம்மாவும் டைவர்ஸ் கேஸ் போட்டிருந்தாங்க அப்ப. அதைச் சொன்னா நீங்க என்ன பேரு வச்சிருப்பீங்களோ"ன்னான். சொல்லிட்டு ரசத்துக்கு இலையில சாதத்தைக் குழிச்சான். எனக்கு அதுக்கப்புறம் சாப்பாடு இறங்கலை.

நியூயார்க் பல்கலைக்கழகத்துல நயோபி வேன்னு ஒரு உளவியல் பேராசிரியை. டீன் ஏஜ் பசங்களை வருஷக்கணக்கா பேட்டி எடுத்து, 2011ல 'டீப் சீக்ரெட்ஸ்'னு ஒரு புஸ்தகம் போட்டாங்க. அமெரிக்கப் பசங்களைப் பத்தினதுதான். பதிமூணு, பதினாலு வயசுல பசங்க தன் ஃப்ரெண்டைப் பத்தி அவ்வளவு பிரியமா, மனசு விட்டுப் பேசறாங்களாம். அதே பசங்க பதினாறு, பதினேழு ஆனதும் 'எனக்கென்ன'ன்னு ஆகிடறாங்க. பிரியமா ஏதாவது வாய் தவறிச் சொல்லிட்டாலும் உடனே 'நோ ஹோமோ'ன்னு ஒரு ஒட்டு போட்டுக்குவாங்களாம். படிச்சப்ப அப்படியே எங்க ஹாஸ்டல். நமக்கு அதே வேலையைச் செய்ய ஒரு வடிவேலு காமெடி இருந்துச்சு, எதுன்னு உங்களுக்கே தெரியும். எட்டாவது வரைக்கும் தோள் மேல கை போட்டுக்கிட்டுத் திரிஞ்சவனுங்க, அந்த ரெண்டு வார்த்தைக்குப் பயந்து தள்ளி உட்கார ஆரம்பிச்சோம். நானும் அந்தக் காமெடிக்கு விழுந்து விழுந்து சிரிச்சவன்தான், புனிதன் வேஷமெல்லாம் போடலை.

'பெரியவனானா எல்லாம் சரியாயிடும்'னு சொல்றவங்களுக்கு ஒரே ஒரு கணக்கு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட அறிக்கைப்படி 2022ல இந்தியாவுல தற்கொலை செஞ்சுக்கிட்டவங்க 1,70,924 பேர். அதுல நூத்துக்குக் கிட்டத்தட்ட 72 பேர் ஆண்கள். கடன், குடி, வியாதின்னு காரணம் ஆயிரம் இருக்கும், எல்லாத்தையும் ஹாஸ்டல் கட்டில் மேல தூக்கிப் போட முடியாதுன்னு தெரியும். ஆனா அதுல எத்தனை பேர் கடைசி வரைக்கும் 'ஜலதோஷம்'னே சொல்லிட்டுப் போயிருப்பாங்கன்னு யோசிக்காம இருக்க முடியலை. (14416ன்னு ஒரு நம்பர் இருக்கு, டெலி மானஸ். காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். பசங்க போன்ல போட்டு வைங்க.)

மாடியில உட்கார்ந்து ஒண்ணும் தேறலை. சரி, பரோட்டா சாப்பிடலாம் வாடான்னு வண்டியை எடுத்தேன். பின்னாடி உட்கார்ந்தான். முகத்துக்கு முகம் பார்க்க வேண்டாம்கிறதாலயோ என்னவோ, ரயில்வே கேட் தாண்டினதும் அவனாவே ஆரம்பிச்சான்.

"மாமா, என் ஃப்ரெண்டை வேற செக்‌ஷன் போட்டுட்டாங்க."

வாய் வரைக்கும் ஒரு கலாய் வந்துச்சு, பழக்கதோஷம். முழுங்கிட்டு, "அப்ப மதியம் யார்கூடடா சாப்பிடுற?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "யார்கூடயும் இல்ல. லைப்ரரிக்குப் போயிடுவேன்"ன்னான்.

பரோட்டா கடை வந்துச்சு. நான் வண்டியை நிறுத்தலை. பைபாஸ் வரைக்கும் போயிட்டு வரலாம்னு நேரா விட்டேன்.