நம் பிள்ளைகள் எழுதும் ஊர் எந்த ஊர்?



'எனது ஊர்' என்னும் தலைப்பில் போர்ட் கிள்ளான் மாணவர்கள் எழுதும் கட்டுரைகளை ஊன்றிப் படித்ததுண்டா? நான் ஆண்டுதோறும் படித்து வருகிறேன். பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற வயல்வெளி. சலசலவென ஓடும் ஓடை. சிலுசிலுவென வீசும் தென்றல். விடியலில் கூவும் சேவல். கள்ளங்கபடமற்ற கிராம மக்கள். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் முப்பது பேருக்கும் இதே ஊர்தான்!

சன்னலைத் திறந்தால் பாரந்தூக்கிகள் தெரியும் அடுக்குமாடி வீட்டில் வாழும் பிள்ளை இதை எழுதுகிறது. நெல்வயலைக் கண்ணால் காண வேண்டுமாயின் அப்பிள்ளை தஞ்சோங் காராங்கிற்கோ செக்கிஞ்சானுக்கோ போக வேண்டும். ஓடை என்று அது அறிந்ததெல்லாம் வீட்டின் பின்புறம் ஓடும் சாக்கடையும், கடலோடு கலக்கப்போகும் கலங்கிய கிள்ளான் ஆறும்தான். ஆயினும் தயங்காமல் எழுதுகிறது. ஏன்? பயிற்றி நூலில் அப்படித்தான் இருக்கிறது. நாமும் அதற்கே மதிப்பெண் இடுகிறோம்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: இது பொய் எழுதப் பழக்குவது. தாய்மொழியில் பொய் எழுதப் பழக்குவது.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு எனக்குத் தெரியும். "மொழியணிகள் வர வேண்டாமா? இரட்டைக்கிளவியும் உவமைத்தொடரும் இல்லாவிட்டால் மதிப்பெண் எப்படிக் கிடைக்கும்?" யுபிஎஸ்ஆர் தேர்வு இருந்த காலத்தில் இந்த மறுப்புக்கு ஓரளவு பொருள் இருந்தது. அத்தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. மனனக் கட்டுரை மட்டும் அகலாமல் அப்படியே குந்தியிருக்கிறது. மேலும், சலசலவென்று ஓடை மட்டும்தானா ஓடும்? கொள்கலன் லோரி கடகடவென ஓடாதா? இரவில் பாரந்தூக்கியின் விளக்குகள் மினுமினுவென மின்னாவா? மொழியணி ஊரைப் பார்த்து வர வேண்டும். நம் பிள்ளைகளோ மொழியணிக்கேற்ற ஊரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு மாணவன் ஒருவன், "எங்கள் ஊரில் இரவு என்பதே இல்லை, அப்பா வேலைக்குப் போகும்போதுதான் நான் தூங்கப் போவேன்" என்று எழுதியிருந்தான். சக ஆசிரியர் ஒருவர் அதனைப் படித்துவிட்டு, "தலைப்பை ஒட்டி அமையவில்லை" என்றார். தலைப்பை அவ்வளவு ஒட்டி அமைந்த வாக்கியத்தை அவ்வாண்டு நான் வேறெங்கும் காணவில்லை.

"இந்த ஊரில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது, ஐயா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். இக்கேள்விதான் என்னை உறுத்துகிறது. என்ன இருக்கிறது என்று பார்ப்போமா?

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி வந்த இரயில் பாதை 1886இல் புக்கிட் கூடா வரையில் போடப்பட்டது. 1890இல் ஆற்றைக் கடந்து கிள்ளானை அடைந்தது. அங்கிருந்த ஆற்றுத்துறையில் பெரிய கப்பல்கள் நுழைய இயலவில்லை. எனவே பாதை ஆற்றின் முகத்துவாரத்திற்கு நீட்டப்பட்டது. 1901 செப்டம்பரில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. ஆங்கிலேய அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1972இல்தான் 'போர்ட் கிள்ளான்' என்னும் பெயர் வந்தது. நம் பிள்ளைகளின் பாட்டன்மார் 'போர்ட் சுவெட்டன்ஹாம்' என்று சொன்ன ஊர் இதுதான் என்பதை எத்தனை மாணவர்கள் அறிவார்கள்?

சதுப்புநிலக் காட்டை வெட்டி அமைத்த அத்துறைமுகத்தில், திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் பரவியது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்னும் நிலை. அப்போது கிள்ளான் மாவட்ட மருத்துவராக இருந்தவர் மால்கம் வாட்சன். கொசுவினால் மலேரியா பரவுகிறது என்பதை ரொனால்டு ரோஸ் இந்தியாவில் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. வாட்சன் அக்கண்டுபிடிப்பை நம்பி, வடிகால் வெட்டச் செய்தார், தேங்கிய நீரை அகற்றினார், காய்ச்சல் தணிந்தது. உலக மருத்துவ வரலாற்றில் குறிக்கப்படும் நிகழ்ச்சி. அது நடந்த மண்ணில் அமர்ந்துகொண்டு, டிங்கிக் காய்ச்சல் ஒழிப்புக் கட்டுரையைப் பயிற்றி நூலிலிருந்து படியெடுக்கிறோம்!

நம் இனத்தைப் பற்றிய செய்தி இதனினும் பெரிது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய தொழிலாளர்கள் பினாங்கிலும் இங்கும் இறக்கப்பட்டு, தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் நாள்கணக்கில் வைக்கப்பட்ட பிறகே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்ற 'ரஜூலா' கப்பலும் இத்துறைமுகத்தில் நின்றது. சிலாங்கூரின் தோட்டத் தமிழர்கள் பலருக்கு இந்நாட்டின் முதல் மண் போர்ட் கிள்ளானின் மண்ணே.

அந்தத் தோட்டங்களில் 1941ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்லாமல் விட இயலாது. கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதனை முன்னின்று நடத்தினார். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், துரைமார் எதிரே மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை ஆகியவை அவர்களின் கோரிக்கைகளுள் சில. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. ஆசிரியர்களே, மீண்டும் ஒருமுறை படியுங்கள். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். அவர்கள் கேட்ட கல்வியை இன்று கொடுக்கும் பணியில் இருக்கும் நாம், அவர்களைப் பற்றி ஒரு பத்திகூடப் பிள்ளைகளை எழுத வைப்பதில்லை.

மேடையேறினால் நமக்குப் பூம்புகார் நினைவுக்கு வரும். பட்டினப்பாலையில் சுங்க அதிகாரிகள் மூட்டைகளுக்குப் புலிமுத்திரை இட்ட செய்தியை உணர்ச்சி பொங்க முழங்குவோம். நல்லதுதான். ஆனால் 1973 முதல் கொள்கலன்களைக் கையாண்டு, இன்று ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட கொள்கலன் அலகுகளை ஏற்றியிறக்கும் துறைமுகம் பள்ளிக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே மாணவனின் தந்தையே சுங்கச் சோதனைக்கு வரிசையில் லோரியை நிறுத்திக் காத்திருக்கிறார். அவரைப் பற்றி எழுதினால் தமிழ் குறைந்துவிடுமா?

கல்விச் சுற்றுலாவையும் சொல்லிவிடுகிறேன். பேருந்து பிடித்துப் பிரிக்பீல்ட்ஸ் போகிறோம். 2010இல் 'லிட்டில் இந்தியா' என்று திறந்துவைக்கப்பட்ட தெருவில் வளைவுகளின் கீழ் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்புகிறோம். பிரிக்பீல்ட்ஸின் மீது எனக்கு வருத்தமில்லை; அதுவும் செங்கற்சூளையும் இரயில்வேயும் வளர்த்த உழைப்பாளர் ஊர்தான். எனினும், பூக்கடையையும் புடவைக்கடையையும் காட்டி இதுதான் தமிழரின் இடம் என்று பிள்ளைக்குச் சொன்னால், தன் ஊர் தமிழரின் இடமில்லை என்று அது முடிவு செய்துகொள்ளாதா?

போர்ட் கிள்ளானுக்குக் கெட்ட பெயர் உண்டு. குண்டர் கும்பல் என்பார்கள், புழுதி என்பார்கள், வசதி வந்தவுடன் ஷா ஆலாமிற்கோ செத்தியா ஆலாமிற்கோ குடிபெயர்வார்கள். பெயர்வது அவரவர் உரிமை. ஆனால் தன் ஊரைச் சொல்ல வெட்கப்படும் பிள்ளையைக் கும்பல்காரன்தான் முதலில் தட்டிக்கொடுத்து அழைக்கிறான். அவனிடம் அந்த ஊரைப் பற்றிப் பெருமையாகப் பேசத் தெரிகிறது, நமக்குத் தெரியவில்லை.

இவ்வாண்டு என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'எனது ஊர்' என்னும் தலைப்பைக் கொடுக்கப் போவதில்லை. 'என் வீட்டிலிருந்து துறைமுகம் வரை' என்பதே தலைப்பு. ஒரு சனிக்கிழமை காலை இரயில் நிலையத்திலிருந்து படகுத்துறை வரையில் நடந்து சென்று, கண்டதைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். பயிற்றி நூலில் உள்ள ஒரு வாக்கியம் வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள்: வீட்டுப் பெட்டியில் தாத்தா பாட்டியின் பழைய கடப்பிதழோ கப்பல் சீட்டோ இருந்தால், பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுகிறேன்.