காவல்காரர் எங்கே நிற்க வேண்டும்?

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூரில் ஒரு மாணவி. ஊர்ப்பெயர்களைத் தேடித் தரும் புரோகிராம் ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கோப்புகள் இருப்பதோ சென்னையிலுள்ள ஒரு கணிப்பொறியில். இணையம் வழியாக அவற்றைத் தன் கணிப்பொறியில் திறந்து திருத்துகிறாள்.

பலர் கைபடும் புரோகிராமில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று குறித்து வைப்பது ‘கிட்’ என்னும் மென்பொருள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கியது. மாற்றத்தைப் பதிவு செய்யுமுன் சோதிக்க, அதில் ஒரு காவல்காரரை நிறுத்தலாம். அவர் பெயர் ‘ஹூக்’.

காவல் எதற்கு? ‘புதுக்கோட்டை’யில் வரும் ‘கோ’வைப் பாருங்கள். யூனிகோடில் ககரத்துடன் ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேர்க்கலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கோ வேறு வேறு! ஒரு விதமாக எழுதியதை மறு விதமாகத் தேடினால் ஊரே அகப்படாமல் போகலாம். இதைப் பிடிக்க ஒரு சிறிய ஹூக் போதும்.

ஆனால் மாணவி பதிவு செய்யப் போனால், ‘சோதனைக் கருவி இல்லை’ என்று தடை வருகிறது. ஏன் தெரியுமா? கிட் கட்டளை எந்தக் கணிப்பொறியில் ஓடுகிறதோ, ஹூக்கும் அங்கேதான் ஓடும். கோப்பு சென்னையில், கட்டளை குளத்தூரில், கருவியோ சென்னையில் மட்டும். சென்னைக் கணிப்பொறிக்குள் நுழைந்து அங்கேயே கட்டளை கொடுத்தால் சிக்கல் தீரும்.

சரி, முழுப் பிரதியையும் தன் கணிப்பொறிக்கே இறக்கிக்கொண்டால்? அப்போது ஹூக் கூடவே வராது. வரவழைத்து நிறுத்தினாலும், கட்டளையில் ஒரு சொல்லைச் சேர்த்து அவரைத் தாண்டிப் போய்விடலாம்!

ஆகவே, ‘ஒவ்வொருவரும் தம் கணிப்பொறியில் சோதித்து அனுப்புங்கள்’ என்று சொல்லிவிட்டு ஒதுங்குவது நியாயமல்ல என்பது என் கருத்து. எல்லாக் கருவிகளும் உள்ளவருக்கு அது எளிது. பழைய கணிப்பொறியோடு போராடும் கிராமத்து மாணவிக்கு? அவள் திறமை இருந்தும் வாசலிலேயே நின்றுவிடுவாள்.

எல்லோருடைய மாற்றங்களும் வந்து சேரும் பொதுக் கணிப்பொறியிலேயே சோதனையை வைக்கலாம். ‘ப்ரீ-ரிசீவ்’ என்னும் ஹூக் அதற்காகவே இருக்கிறது. பிழையிருந்தால் ஏற்காது, காரணத்தையும் எழுதி அனுப்பச் செய்யலாம். நம் கணிப்பொறியில் உள்ள ஹூக், பிழையைச் சீக்கிரம் காட்டும் துணை. அது இருக்கட்டும், அதை மட்டும் நம்பக் கூடாது.

பெயரிலேயே குளத்தை வைத்திருக்கும் ஊருக்கு இது புதிதா என்ன? குளத்து நீருக்குக் காவல் மடையில்தானே, நண்பர்களே!