எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் எலும்பிலும் ஒன்றுமில்லையா?

"எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்ணுமில்லையாம்." காய்ச்சலோடு காலை ஊன்ற மறுத்து அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பும் பெற்றோர் இப்படித்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். கர்நாடகத்தின் மார்டள்ளி கிராமம் என்றில்லை, எல்லா ஊரிலும் இதே பேச்சுதான். அப்புறம் எண்ணெய் போட்டு உருவல், கட்டு, 'வளர்ற வயசு வலி' என்ற சமாதானம். இந்த நம்பிக்கை பிள்ளைகளின் காலைக் கெடுக்கிறது.

அடிபடாமல் திடீரென்று வரும் எலும்பு வலியில் முதலில் சந்தேகப்பட வேண்டியவற்றுள் ஒன்று, எலும்புக்குள் சீழ் பிடிப்பது. வளரும் எலும்பின் முனையில், குறிப்பாக முழங்காலை ஒட்டிய பகுதியில், ரத்தம் மெதுவாக ஓடும். ரத்தத்தில் வரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி அங்கே தங்கிவிடுகிறது, மஜ்ஜை வீங்குகிறது. எக்ஸ்ரேயில் மஜ்ஜை தெரியாது, சுண்ணாம்புச் சத்துதான் தெரியும். அதில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகே படம் மாறும். அதற்கு 10 முதல் 14 நாள் பிடிக்கும். அதற்குள் கிருமி எலும்பை அரித்துவிடும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மஜ்ஜையில் ஊறும் நீரையே காட்டுவதால், முதல் ஓரிரு நாளிலேயே நோய் பிடிபடும். கதிர்வீச்சும் கிடையாது. ரத்தப் புற்றுநோய் சில பிள்ளைகளுக்கு முதலில் எலும்பு வலியாகத்தான் தலைகாட்டும். அந்த மஜ்ஜை மாற்றமும் எம்.ஆர்.ஐ.யில் தெரியும்.

எக்ஸ்ரே வேண்டாம் என்பதல்ல என் வாதம். முறிவையும் கட்டியையும் பார்க்க அதுதான் முதல் படம். ரத்தப் பரிசோதனையும் வேண்டும். பிள்ளை கடுமையாகச் சோர்ந்திருந்தால் ஸ்கேனுக்காக மருந்தைத் தள்ளிப்போடவும் கூடாது.

உண்மையான வளர்ச்சி வலி பெரும்பாலும் இரண்டு காலிலும், சாயங்காலமோ இரவிலோ வரும். விடிந்ததும் பிள்ளை ஓடி விளையாடும். ஒரே காலில், ஒரே இடத்தில், தொட்டாலே துடிக்கும் வலி அது அல்ல.

எம்.ஆர்.ஐ. எடுக்க மார்டள்ளியிலிருந்து மைசூர் போக வேண்டும், அது நூறு கிலோமீட்டருக்கு மேல் என்பார்கள். சிறு பிள்ளைக்கு மயக்க மருந்து தர வேண்டியிருக்குமே என்றும் தயங்குவார்கள். 2018 டிசம்பரில் பக்கத்துச் சுள்வாடிக் கோவில் பிரசாதத்தில் விஷம் கலந்தபோது, பாதிக்கப்பட்டவர்களை அந்த மைசூருக்குத்தான் கொண்டுபோனார்கள். அன்று தூரத்தை யாரும் காரணம் சொல்லவில்லை.

காய்ச்சலும் நொண்டலும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். "எம்.ஆர்.ஐ. தேவைப்படுமா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதுவரை அந்தக் காலை யாரையும் உருவ விடாதீர்கள்.