ரெண்டு 'ஏ' இருக்கிற ஊர்

"இந்தப் பசங்களுக்கு லாஜிக்கே வரலைப்பா." எலக்ட்ரானிக் சிட்டி கேண்டீன்ல வாரத்துக்கு நாலு தடவையாவது இது காதில் விழுது. சொல்றவங்க நம்ம ஊர்க்காரங்க, யாரைச் சொல்றாங்களோ அவங்களும் நம்ம ஊர்ப் பசங்க. விழுப்புரம், விருதுநகர்ப் பக்கமிருந்து ஒரு பெட்டியோட மடிவாலாவில் வந்து இறங்கினவங்க. மூணு மாசப் பயிற்சி, கடைசியில் ஒரு டெஸ்ட். தேறலைன்னா திரும்ப பஸ் ஏற வேண்டியதுதான்.

போன வாரம் அப்படி ஒரு பையனோட சி புரோகிராமைப் பார்த்தேன். கீவேர்டு சைஃபர். ஒரு சொல்லை எடுத்துக்கணும், அதில் திரும்ப வர்ற எழுத்தைத் தள்ளிடணும், பின்னாடி மிச்ச எழுத்துகளை வரிசையா அடுக்கணும். ஏ-க்குப் பதில் அந்த வரிசையோட முதல் எழுத்து, பி-க்குப் பதில் ரெண்டாவது, அப்படியே போகும். பையன் வச்ச சொல் 'பேங்களூர்', இங்கிலீஷ்ல. ஹலோன்னு கொடுத்து, மறைச்சு, திருப்பி எடுத்தா எச், பி, எல், எல், ஓன்னு வருது. இ எப்படி பி ஆச்சு? ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஃபார் லூப்பில் ஒண்ணைக் கூட்டி, ஒண்ணைக் குறைச்சுப் பார்த்திருக்கான்.

விஷயம் இவ்வளவுதான். அந்தப் பேரில் ரெண்டாவது எழுத்தும் ஏ, அஞ்சாவதும் ஏ. தள்ளாம விட்டதால் பி-க்கும் ஏ, இ-க்கும் ஏ. திருப்பும்போது முதல்ல கண்ணில் படற ஏ-வை எடுத்துக்குது. வரிசை 27 எழுத்தாயிடுச்சு, அர்ரே 26தான். முடிவைக் குறிக்கிற பூஜ்யத்துக்கே அதில் இடமில்லை. (2014ல் பேரை பெங்களூருன்னு மாத்தினாங்களே, அதில் யு ரெண்டு. மெட்ராஸும் தேறாது, சென்னையும் தேறாது!)

அந்த வரிசையைத் தாளில் எழுதிப் பார்த்திருந்தா அஞ்சு நிமிஷ வேலை. அது அவனுக்குத் தோணாததுக்குக் காரணம் மூளை இல்லீங்க, ரெக்கார்டு நோட்டு. நாலு வருஷமும் லேபில் அவன் செஞ்சது, சரியா ஓடற புரோகிராமைப் பார்த்து எழுதி, சொல்லிக்கொடுத்த இன்புட்டைக் கொடுத்து, அவுட்புட் வந்ததும் கையெழுத்து வாங்கினது. நடுவில் ஒரு ஸ்பேஸ் போட்டுப் பாருன்னு யாரும் சொன்னதில்லை. ஸ்பேஸோட நம்பர் 32, சின்ன ஏ-வோட நம்பர் 97. கழிச்சா மைனஸ் 65, அர்ரேக்கு வெளியே எங்கேயோ போய் நிக்கும்.

போதாக்குறைக்கு அவன் படிச்சது டர்போ சி-யில். தொண்ணூறுகளோட தொடக்கத்து டாஸ் சாமான். 64 பிட் விண்டோஸில் நேரா ஓடாதுன்னு டாஸ்பாக்ஸுக்குள்ள வச்சு உயிர் கொடுக்கறாங்க. அர்ரேயைத் தாண்டி எழுதினாலும் டாஸ் ஏன்னு கேட்காது. ஜிசிசியில் 2013லேருந்து அட்ரஸ் சானிடைசர் இருக்கு, ஓசிதான். ஓடும்போதே எந்த வரியில் தாண்டினேன்னு சொல்லி நிறுத்திடும். இதை ஒரு பீரியடில் காட்ட முடியாதா?

"அதான் ஏஐ இருக்கே, ஒட்டினா திருத்திக் கொடுக்குமே"ன்னு கிளம்புவீங்க. அது இன்னொரு ரெக்கார்டு நோட்டு, அவ்வளவுதான். டெஸ்ட் ஹாலுக்குள்ள அதுவும் கூட வராது. 1949ல் கேம்பிரிட்ஜில் எட்சாக் கட்டின மாரிஸ் வில்க்ஸே, மிச்ச வாழ்க்கையில் பெரும்பகுதி தன் புரோகிராமில் தப்புத் தேடறதில்தான் போகப்போகுதுன்னு அப்பவே புரிஞ்சதா எழுதியிருக்கார். நம்ம சிலபஸில் மட்டும் யாரும் தப்பே பண்றதில்லை.

லேப் பரீட்சையில் உடைஞ்ச புரோகிராமைக் கையில் கொடுத்து, எங்கே தப்புன்னு கேளுங்க. என்ன, எக்ஸ்டர்னலுக்குக் கொஞ்சம் வேலை இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள அறுபது நோட்டில் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்ப முடியாது.