இடுப்பில் அல்ல, சற்றுக் கீழே

சதாரா பக்கமிருந்து வந்து கத்ரஜ் சுரங்கப்பாதையைத் தாண்டினால், சாலை நீண்ட சரிவாகப் புனேயின் நவலே பாலம் வரை இறங்குகிறது. கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னை வரும் அதே தேசிய நெடுஞ்சாலை 48தான் இது. 2022 நவம்பர் 20 இரவு இந்தச் சரிவில் தறிகெட்டு ஓடிய ஒரு லாரி, இருபதுக்கும் மேற்பட்ட வாகனங்களை மோதித் தள்ளியது. பலர் காயமடைந்தனர்.

இத்தகைய விபத்துகளில் ரத்தம் வழியும் தலையும் முறிந்த காலும் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. படாமல் போவது இடுப்பெலும்பு. வெளியே ஒரு சிராய்ப்புகூட இல்லாமல், "இடுப்பு வலிக்கிறது" என்று பேசிக்கொண்டிருப்பவர் சற்று நேரத்தில் நினைவிழக்கக்கூடும். ரத்தம் தரையில் சிந்துவதில்லை. அடிவயிற்றுக்குப் பின்னால் தேங்குகிறது. 2, 3 லிட்டர்கூடப் போய்விடலாம். பெரியவர் ஒருவரின் உடலில் இருப்பதே சுமார் 5 லிட்டர்தான்.

இடுப்பெலும்பு ஒரு வளையம். இருசக்கர வாகனம் மோதி நிற்கும்போது ஓட்டுபவர் முன்னால் சறுக்கிப் பெட்ரோல் டேங்கில் இடிக்கிறார். வளையம் முன்பக்கம் பிளந்து விரிகிறது. டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'திறந்த புத்தகம்'. ஹெல்மெட் வேண்டுமா, வேண்டாமா என்று பல ஆண்டுகள் வாதாடிய ஊர் புனே. இந்தக் காயத்துக்கு ஹெல்மெட்டும் உதவாது.

ரத்தம் பெரும்பாலும் கசிவது பெரிய தமனிகளிலிருந்து அல்ல; சிரைகளிலிருந்தும் முறிந்த எலும்பிலிருந்தும்தான். எனவே புத்தகத்தை மூடினால் எலும்பு முனைகள் அசைவது நிற்கும், கசிந்த ரத்தம் உறைய வாய்ப்புக் கிடைக்கும். இதற்கென ஓர் உலோக இடுக்கியை சுவிட்சர்லாந்தின் எலும்பு நிபுணர் ரைன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் 1991ல் அறிமுகப்படுத்தினர். அதைப் பொருத்தத் தேர்ந்த டாக்டர் வேண்டும். இன்று முதல் வைத்தியம் அதைவிட எளிது: அகலமான ஒரு பெல்ட். அது இல்லையென்றால் மடித்த படுக்கை விரிப்பு.

ஆனால் எங்கே கட்டுவது? பேண்ட் பெல்ட் கட்டும் இடத்தில் அல்ல. அங்கே கட்டினால் பலன் குறைவு. வளையம் சரியாக மூடாது. தொடையின் மேல்பக்கம் வெளியே துருத்தும் எலும்பின் மட்டத்தில், அதாவது இடுப்புக்குச் சற்றுக் கீழே கட்ட வேண்டும். முழங்கால்களையும் பாதங்களையும் சேர்த்துக் கட்டினால் இன்னும் நல்லது. பாக்கெட்டில் சாவி, போன் இருந்தால் முன்பே எடுத்துவிட வேண்டும். எலும்பு உடைந்திருக்கிறதா என்று இடுப்பை அழுத்தி ஆட்டிப் பார்ப்பதும், ஆளைப் புரட்டுவதும் உறைந்த ரத்தத்தைக் கலைத்துவிடும்.

இது பயிற்சி பெற்றவர்களின் வேலை. ஆனால் கட்டுவதற்கு முன்பே கெடுத்துவிடுவது சாலையில் நிற்பவர்களின் அவசரம். அக்குளில் ஒருவர், காலில் ஒருவர் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்கும் காட்சி எந்த ஊருக்கும் புதிதல்ல.

மற்றதெல்லாம் ஆஸ்பத்திரியில்: ரத்தம் ஏற்றுதல், வெளிச்சட்டம் பொருத்துதல், உள்ளே துணி வைத்து அடைத்தல், தமனி கிழிந்திருந்தால் குழாய் வழியே அடைத்தல். கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் மலிவான மருந்து. இந்தியாவும் பங்கேற்ற 2010ம் ஆண்டின் 40 நாட்டு ஆய்வில் அதன் பயன் உறுதியானது. ஆனால் காயம் பட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன்.

புனேயில் சசூன் அரசு மருத்துவமனையும் ராணுவ மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் 2014ல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸில் டாக்டரே வருகிறார். அவர் வரும்வரை காயம்பட்டவரை அசைக்காமல் வைத்திருக்க யாராவது வேண்டும். உதவுபவரைப் போலீசும் கோர்ட்டும் அலைக்கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016ல் சொல்லிவிட்டது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அது இடம்பெற்றது.

உதவ வருபவர் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. 108ஐ அழைத்து, "இடுப்பில் அடிபட்டிருக்கிறது, நாங்கள் தூக்கவில்லை" என்று சொன்னால் போதும்.