விடையைத் தள்ளி வையுங்கள்

திறப்பைக் கையிலே தந்துவிட்டு, ‘இயலுமாயின் திற’ என்று அறைகூவும் பூட்டுகள் உள. ஜேர்மானியக் கைவினைஞர் றைனர் பொப் ஆக்கிய உலோகப் பூட்டுகள் இவ்வகையின.

இத்தகைய புதிர்களுள் நுட்பமானவற்றிலே, வேண்டிய கருவியும் பொருளினுள்ளேயே ஒளிந்திருக்கும். அலங்காரம்போல் தோன்றும் ஆணி கழன்று வந்து அடுத்த துளைக்குத் திறப்பாகும். சாய்த்தால் உருளும் குண்டு, சுழற்றினால் விலகும் முளை எனத் தடைகள் தொடரும். வலிமைக்கு இங்கே வேலையில்லை. விரலும் செவியும் பொறுமையுமே வேண்டும்.

இதன் விடையைக் காதில் ஓதுபவர் உதவுகின்றார் என்று நான் கருதேன். கண்டுபிடிக்கும் உரிமையைப் பறிக்கின்றார் என்பேன். ‘பேராசிரியர் ஹொஃப்மன்’ என்ற புனைபெயரில் ஆஞ்செலோ லூயிஸ் 1893இல் வெளியிட்ட புதிர் நூலிலே, வினாக்களை முன்வைத்து விடைகளைப் பின்னே தனியாக வைத்தார். அந்த இடைவெளியிலேதான் கல்வி நிகழ்கின்றது.

நம் வகுப்பறைகளிலோ வினா முடியுமுன்னே விடைக்குறிப்பு வந்துவிடுகின்றது. அதனை மனனஞ் செய்த மாணவன் பரீட்சையிற் புள்ளி பெறுவான். புதிய பூட்டொன்றைக் கண்டால் கைகட்டி நிற்பான். பூட்டைத் திறந்து காட்டும் ஆசிரியரைவிட, அதனை மாணவன் கையிற் கொடுத்துக் காத்திருக்கும் ஆசிரியரே பெரியவர்.