மடையும் மின்சாரமும்

கொச்சி கப்பல் கட்டும் தளம் உருவாக்கிய ஹைட்ரஜன் படகை 28.2.2024 அன்று தூத்துக்குடியில் பிரதமர் தொடங்கி வைத்தார். "அதெல்லாம் விஞ்ஞானிங்க வேலை, நமக்கென்ன?" என்கிறோம். தப்பு!

எரிபொருள் செல் ஒன்று, லோடு ஏறினால் தருவது சுமார் 0.7 வோல்ட். பலவற்றை அடுக்கினாலும், கரண்ட் கூடக்கூட வோல்டேஜ் இறங்கும். அதை உயர்த்தி நிலையாக நிறுத்துவது பூஸ்ட் கன்வெர்ட்டர். ஆனால் அது அவசரப்படக் கூடாது. பெரியாறு வாய்க்காலில் மடையைத் திறந்ததும் கடைசி வயலுக்குத் தண்ணி வந்திடுமா? ஹைட்ரஜனும் காற்றும் அப்படித்தான். அதற்குள் கரண்ட்டை இழுத்தால் செல் பட்டினி கிடந்து கெட்டுப்போகும். இழுக்கும் வேகத்துக்குக் கடிவாளம் போட ஒரு கன்ட்ரோல் சர்க்யூட் வேண்டும்.

அது டிப்ளமோ படித்த கைக்கு எட்டும் வேலைதான். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். வீட்டில் கேட்பது "வேலை கிடைக்குமா?" என்பதே. நோட்டில் படம் வரைந்தால் கிடைக்காது. லேபில் நாமே கன்வெர்ட்டரை சாலிடர் பண்ணி ஓட்டிப் பார்க்கணும். அடுத்த ஆண்டுக் கோரிக்கைகளில் நம் சங்கம் இதை முதலாவதாக எழுதட்டும்!